எந்த நாட்டுச் சட்டப்படி பேசாமல் இருந்தாள்?

பொம்மைக்காரம்மா செய்வது குழந்தைகள் விளையாடும் பொம்மை இல்லை. அவள் பட்டறைக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள் ஒரு நொடி திக்கென்று நின்றுவிடுவார்கள். உள்ளே வரிசையாகத் தலையில்லாத, கையில்லாத, கழுத்தோடு முடிந்துபோன பெண் உடம்புகள். தையல்காரர்கள் பாதி தைத்த உடையை மாட்டி, குண்டூசி குத்தி அளவு பார்ப்பார்களே, அந்த அளவு பொம்மைகள். அச்சுக்குள் காகிதத்தைப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, இரண்டு பாதியாகக் கழற்றிச் சேர்த்து, மேலே பஞ்சு வைத்துத் துணியை இழுத்துத் தைத்து, அடியில் ஒரு கால்கட்டையை முடுக்கினால் ஒரு பொம்மை ஆயிற்று. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் நாக்குத் தள்ளிவிடும்.

"இத்தனை பேர் நிக்கறாங்க, ஒருத்தியாவது எதிர்த்துப் பேசறாளா பாரு" என்று அவள் கணவர் இருந்த நாளில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த வரிசையில் தானும் சேர்த்திதான் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சிரித்துவைத்தாள். மனுஷர் கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவளுக்குக் கல்யாணம் பேசியபோது யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "இவ பாத்துப்பா" என்று நாத்தனார்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் கதவருகே நின்று கையசைத்தாள். பிறகு கணவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பட்டறை வேலை மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. அவர் போனபின் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "பட்டறையை இனிமே நீதான் நடத்தணும்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுவாரமே பசை காய்ச்ச ஆரம்பித்தாள்.

இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளாகச் சொல்ல மாட்டாள் என்பதால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டறையில் கணவர் ஏற்படுத்திவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. ஆர்டர் வந்தால் பதில் எழுதுவது கிடையாது. "பதில் எழுதற நேரத்துல ஒரு பொம்மைக்குக் காகிதம் ஒட்டிடலாம்" என்பார். ஆர்டர் வந்ததா, அச்சைத் துடைத்து எண்ணெய் தடவு, வேலையை ஆரம்பி. சொன்ன மாதத்தில் பொம்மைகள் போய் இறங்கும், அதுதான் பதில். உள்ளூர்த் தையல்காரர்களுக்கு இது பழகிவிட்டது. கடல் கடந்து வாங்குகிற கம்பெனிக்காரர்கூட ஆரம்பத்தில் இரண்டு தடவை, "கிடைத்ததா, கிடைத்ததா" என்று கேட்டு எழுதிவிட்டு, பிறகு இவர்கள் ராசி இதுதான் என்று விட்டுவிட்டார். கணவருக்குப் பின் அவளும் அப்படியே நடத்தினாள். வியாபாரம் நொடித்துப்போகவில்லை. அது நன்றாக நடந்ததுதான் தொல்லை.

ஏனென்றால் அவளுக்கு அலுத்துவிட்டது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது. காலையில் கண் விழிக்கும்போதே உடம்போடு கூட எழுந்து உட்காருகிற அலுப்பு. கட்டைவிரல் மடங்குவதில்லை. பசைத் தொட்டிக்குக் குனிந்தால் நிமிர்வதற்கு மேஜையைப் பிடிக்க வேண்டும். முழங்கால் இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகும். ஒரு நாள் துணி தைக்கிற அக்காவிடம் சொன்னாள்: "பூட்டிடலாம்னு பாக்கறேன்."

இந்த அக்கா அவளைவிடச் சின்னவள்தான், இருந்தாலும் தெரு முழுக்க அக்கா என்றே பெயர். பொம்மைக்குத் துணி போர்த்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வாயிலும் கிடையாது. "எப்ப பூட்டறேன்னு மட்டும் சொல்லு, உனக்கு முன்னாடி நான் வெளிய நிக்கறேன்" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கம்பெனிக்காரர் நேரில் வந்து இறங்கினார்.

உயரமான மனிதர், அறுபதைத் தாண்டியவர். பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மையின் தோளைத் தடவி, தையலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். கைப்பேசியில் தன் பாஷையில் பேசினார். அது நம் பாஷையில் ஒப்பித்தது. வருஷத்துக்கு ஒரு ஆர்டர் என்பதை விட்டுவிட்டு, நாலு வருஷத்துக்கு மாதாமாதம் என்று நிரந்தரமாக ஏற்பாடு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். வீடு தேடி வந்த மனிதரிடம் முகத்திலடித்த மாதிரி முடியாது என்று எப்படிச் சொல்வது? டீயை ஊற்றிக் கொடுத்து, "பார்க்கலாம்" என்றாள். நம்மில் ஒருவர் பார்க்கலாம் என்றால் அந்தக் காரியம் ஜென்மத்துக்கும் நடக்காது என்று நமக்குத் தெரியும். கைப்பேசிக்கு யார் சொல்வது?

ஊருக்குப் போனவர் ஒரு கடிதம் அனுப்பினார். நாம் பேசிக்கொண்டபடி நாலு வருஷத்துக்கு மாதாமாதம் இன்ன அளவில் இத்தனை பொம்மைகள். மாற்றம் ஏதாவது இருந்தால் உடனே தெரிவியுங்கள். இந்த ஏற்பாட்டுக்கு எங்கள் நாட்டுச் சட்டம் செல்லும். அவ்வளவுதான் கடிதம். அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு அலமாரியில் வைத்தாள். பதில் போடவில்லை. பதில் வராவிட்டால், இவளுக்கு இஷ்டமில்லை என்று புரிந்துகொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்கு முடியாது என்று சொல்லிவிட்டதாக அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பாவம், அதைச் சொன்னது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் கேட்டிருந்தது.

மாதம் பிறந்தது, பொம்மை போகவில்லை. அவர்கள் கேட்டு எழுதினார்கள். அதற்கும் இவள் பதில் போடவில்லை. அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதற்கப்புறம் நீதிமன்றத்திலிருந்தே தபால் வந்தது. நாலு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டு ஏமாற்றிவிட்டாள், செய்து கொடுக்கட்டும், இல்லாவிட்டால் நஷ்ட ஈடு கொடுக்கட்டும். வழக்கு முடிகிறவரை அச்சுகளையும் பட்டறையையும் விற்கக்கூடாது. விற்பதற்கு அவளிடம் வேறு என்ன இருக்கிறது? மேலே வீடு, கீழே பட்டறை, எல்லாம் ஒரே கட்டடம்.

வக்கீலுக்கு வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. கடைசி நாத்தனாரின் மகன், அவளுக்கு மருமகன் முறை, வக்கீல். நல்ல பையன், கெட்டிக்காரனும்கூட. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு போன கதை அவனுக்குத் தெரியுமோ என்னவோ, அத்தை என்றால் உயிரை விடுவான். காகிதங்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்த்து, பிழைத்தோம் என்று நினைத்தாள்.

"அத்தை, இது ரொம்ப அருமையான கேள்வி" என்றான்.

"அப்படியாப்பா? சீக்கிரம் முடிஞ்சிடுமா?"

"அதெல்லாம் முடியாது. அதான் அருமைன்னு சொல்றேன்."

பட்டறை மேஜையில் பசைப் பக்கெட்டை நகர்த்திவிட்டு விளக்கினான். இவள் நாட்டுச் சட்டப்படி பேசாமல் இருந்தால் சம்மதம் ஆகாது. வாயைத் திறந்து சரி என்று சொன்னால்தான் ஒப்பந்தம். அவர்கள் நாட்டிலோ, ரொம்ப நாளாகக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்குள், பேசியதை எழுதி ஒருவர் அனுப்பி மற்றவர் மறுக்காமல் இருந்தால், ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஆக, எந்த நாட்டுச் சட்டத்தைப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது.

"கடிதத்துல 'எங்க நாட்டு சட்டம்'னு போட்டிருக்காங்களேப்பா."

"அங்கதான் வேடிக்கை. ஒப்பந்தம் உண்டுன்னா அந்த வரியும் உண்டு, அவங்க சட்டம் செல்லும். ஒப்பந்தமே இல்லேன்னா அந்த வரியும் கிடையாது. அப்ப எதுக்கு அவங்க சட்டத்தைப் பார்க்கணும்? ஆனா ஒப்பந்தம் உண்டா இல்லையான்னு தெரிஞ்சுக்கவே ஏதாவது ஒரு சட்டத்தைப் பார்த்தாகணுமே!"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கல்யாணம் ஆச்சா இல்லையான்னு மாமியாரைப் போய்க் கேக்கணும். ஆனா கல்யாணம் ஆகியிருந்தாத்தான் அவ மாமியார். அதானே?"

"அதேதான்க்கா" என்று சிரித்தான். "கோர்ட் என்ன பண்ணும்னா, கல்யாணம் ஆனதா வச்சுக்கிட்டு மாமியாரையே கேட்டுடும். ஒப்பந்தம் இருந்திருந்தா எந்த நாட்டு சட்டம் அதுக்குப் பொருந்துமோ, அதே சட்டம்தான் ஒப்பந்தம் உண்டா இல்லையான்னும் முடிவு பண்ணும்."

பொம்மைக்காரம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "எதுக்குப்பா இருக்கறதா வச்சுக்கணும்? இல்லாததா வச்சுக்கக் கூடாதா?"

அவன் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஒரு சின்னக் கதவு இருக்கு அத்தை. உங்களை மாதிரி பேசாம இருந்தவங்களுக்குன்னே வச்சது. 'நான் இருக்கற நாட்டுல இது சம்மதம் ஆகாது, எனக்குத் தெரியாத சட்டத்தை வச்சு நான் பேசாம இருந்ததை அளக்கறது நியாயமில்லை'ன்னு நாம கேட்கலாம். நியாயமில்லைன்னு ஜட்ஜுக்குப் பட்டா நம்ம சட்டம்தான். அந்தக் கதவு வழியாத்தான் உங்களை வெளிய கூட்டிட்டு வரப்போறேன்."

போகும்போது ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொன்னான். எதிர்தரப்போடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. போன் வந்தால் எடுக்கக்கூடாது, கடிதம் வந்தால் அவனிடம் கொடுத்துவிட வேண்டும். பேசாமல் இருப்பதில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தலையாட்டினாள்.

அதிலிருந்து இரண்டு வருஷம் இழுத்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. அவர்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்ல அங்கிருந்து ஒரு நிபுணர் எழுதி அனுப்பினார். அவர் எழுதியது சரியில்லை என்று சொல்ல இன்னொரு நிபுணர் வந்தார். இரண்டையும் மொழிபெயர்க்க ஆறு மாதம். பட்டறையை மூடவும் முடியவில்லை, முழுசாகத் திறக்கவும் முடியவில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று உள்ளூர்த் தையல்காரர்களுக்கு ஒன்றிரண்டு பொம்மை செய்தாள். விற்கக்கூடாத அச்சுகளை வாரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டாள். ஒரு காரியத்தை விடுவதற்கும் இத்தனை வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வரும். ஆத்திரப்படவும் தெம்பில்லாமல் போய்ப் படுத்துக்கொள்வாள்.

மகள் ஒருத்தி இருக்கிறாள். ஊரின் மறுகோடியில் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். சாயங்காலமானால் போன் செய்வாள். பாசக்காரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேசத் தொடங்கினால் முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது. "கேஸ் முடிஞ்சதும் இங்க வந்துடும்மா. எதுக்கு நீ தனியா கிடந்து கஷ்டப்படணும்? பிள்ளைங்களோட இருந்தா உனக்கும் பொழுது போகும். காலையில அவங்களை ஸ்கூலுக்கு அனுப்பி, மத்தியானம் கூட்டிட்டு வந்து, ராத்திரி தூங்கவச்சா போதும், வேற வேலையே கிடையாது. நானும் அப்புறம் முழுநேர வேலைக்குப் போயிடலாம்." இவள் "ம்" என்பாள், சில நாள் அதுவும் சொல்ல மாட்டாள். மகளின் திட்டம் மாதத்துக்கு மாதம் வளர்ந்துகொண்டே போனது.

உண்மையில் அவளுக்கு வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன விஷயம். காலையில் விழிப்பு வந்த பிறகும் படுத்தே இருக்க வேண்டும். எழுந்தால் ஜன்னலண்டை நாற்காலி போட்டு உட்கார வேண்டும். யாரும் எதற்கும் காத்திருக்காத ஒரு நாள். இதைப் போய் யாரிடம் சொல்வது? கேட்பவர்கள், "அவ்வளவுதானா?" என்பார்கள்.

கடைசியில் அவளை விசாரிக்கிற நாள் வந்தது. நீதிமன்ற அறை அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. மேலே ஒரு மின்விசிறி லொடலொடவென்று ஆடியது. நீதிபதிக்கு ஜலதோஷம்; கைக்குட்டையும் கையுமாக இருந்தார். கம்பெனிக்காரர் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதருகே ஒரு பெண் உட்கார்ந்து, நடப்பதை அவர் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்தரப்பு வக்கீல் சத்தம் போடாமல், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"கடைசியா ஆர்டர் வந்தப்போ சரின்னு பதில் எழுதினீங்களாம்மா?"

"இல்லைங்க."

"அதுக்கு முந்தின ஆர்டருக்கு?"

"இல்லைங்க."

"எந்த ஆர்டருக்காவது?"

"எழுதற பழக்கம் இல்லைங்க."

"ஆனா பொம்மைகள் சரியா வந்துடுச்சு?"

"ஒரு நாள்கூடத் தப்பினதில்ல" என்றாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட ஏறிவிட்டது. மருமகன் கண்ணை மூடிக்கொண்டான்.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு தானே கேட்டார்: "சரின்னா பேசாம வேலையை ஆரம்பிச்சிடுவீங்க. அது புரியுது. முடியாதுன்னா அதை எப்படித் தெரியப்படுத்துவீங்க?"

அவள் யோசித்தாள். பதில் சொல்லாமல் தப்பிப்பதற்காக இல்லை. உண்மையிலேயே தேடிப் பார்த்தாள். கல்யாணம், மாமியார், கணவர், பட்டறை என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எங்காவது ஒரு இடத்தில் ஒரு முடியாது கிடைக்குமா என்று தேடினாள்.

"தெரியலைங்க ஐயா. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லையா?"

"வந்துச்சுங்க. நான் சொன்னதில்ல."

நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார்.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு வாசித்தார். நஷ்ட ஈடு எவ்வளவு என்பது அப்புறம். முதலில் ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பது மட்டும். நீளமாகப் போயிற்று. அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி மின்விசிறிச் சத்தத்தில் போய்விட்டது. புரிந்தது இது: ஒப்பந்தம் உண்டென்றால் அதற்கு எந்தச் சட்டமோ, அதே சட்டம்தான் அது உண்டா என்பதையும் சொல்லும். அது அந்த நாட்டுச் சட்டம். அதன்படி மறுக்காமல் இருந்தது சம்மதமே. தான் வசிக்கும் நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பை இந்த அம்மாள் கேட்கிறார். கேட்க உரிமை உண்டு. ஆனால் தான் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் எனப் பல வருஷங்களாக எதிர்தரப்புக்குப் பழக்கிவைத்தவர் இவரேதான். அவர்கள் அப்படிப் புரிந்துகொண்டதை நியாயமில்லை என்று இப்போது சொல்ல இயலாது. ஒப்பந்தம் உண்டு.

சின்னக் கதவு சாத்திக்கொண்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. மனுஷர் சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது, அதுதான் வலித்தது. வேறொரு நாட்டுச் சட்டம் வந்து தன்னைப் பிடித்ததாக அவளால் நினைக்க முடியவில்லை. தன் வீட்டுச் சட்டமே பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"அப்பீல் போலாம் அத்தை, விடமாட்டேன்" என்று மருமகன் பல்லைக் கடித்தான். தீர்ப்பின் நகலுக்கு எழுதிக்கொடுக்க ஓடினான். அவளைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனான். அப்பீல் என்றால் இன்னும் இரண்டு வருஷமா, மூன்றா? அதற்குள் முழங்கால் என்ன ஆகும்? வீடு போனால் எங்கே போவது? போவதற்கு இடம்தான் மகள் தயாராக வைத்திருக்கிறாளே என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது.

பெஞ்சின் அந்தக் கோடியில் யாரோ பெருமூச்சோடு உட்கார்ந்தார்கள். பார்த்தால் கம்பெனிக்காரர். ஜெயித்தவர் மாதிரி இல்லை. ஒரு காலணியின் நாடாவைத் தளர்த்திவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த மொழிபெயர்ப்புப் பெண் நின்றாள். அவர் இவளைப் பார்க்காமலே ஏதோ கேட்டார். அந்தப் பெண் தயங்கிவிட்டுச் சொன்னாள்:

"யாருக்குக் குடுக்கறீங்கன்னு கேக்கறார்."

"எதைம்மா?"

"பொம்மைகளை. அவங்களை விட்டுட்டு யாருக்குக் குடுக்கறீங்க, அவங்க எவ்வளவு அதிகம் குடுக்கறாங்கன்னு கேக்கறார். இத்தனை வருஷம் பழகிட்டு இப்படிச் செய்வீங்கன்னு எதிர்பார்க்கலையாம். மனசு விட்டுப் போச்சாம்."

மருமகன் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை பேசக்கூடாது. வழக்கம்போல் தரையைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, நிமிர்ந்து அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணுக்குக் கீழேயும் அதே அலுப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"யாருக்கும் குடுக்கலம்மா" என்றாள். "என்னால முடியல. கை முடியல, கால் முடியல. இனிமே பண்ண முடியாது. அவ்வளவுதான்னு சொல்லு."

அந்தப் பெண் சொன்னாள். அவர் திரும்பி இவளைப் பார்த்தார். இவள் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். மடங்காத கட்டைவிரல்களை மடக்க முயன்று காட்டினாள். பிறகு அவர் கேட்ட கேள்வி சின்னது.

"அதுதானா விஷயம்னு கேக்கறார்."

"அதுதான்."

"வக்கீல்கள் ரெண்டு வருஷமா எந்த நாட்டு சட்டம்னு மட்டுமே பேசினாங்களாம். ஏன் அனுப்பலைன்னு யாருமே சொல்லலையாம். நீங்க ஒரு வரி எழுதியிருந்தா வேற இடம் பார்த்திருப்பாராம். கேஸே போட்டிருக்க மாட்டாராம். ஒரே ஒரு வரி போதும்னு சொல்றார்."

அவர் இன்னும் ஏதோ பேசினார். வழக்கைத் திரும்பப் பெறும்படி தன் வக்கீலிடம் சொல்கிறாராம், நஷ்ட ஈடு வேண்டாமாம். அச்சுகளை மட்டும் அவருக்கு விலைக்குக் கொடுக்க முடியுமா, அவர் ஊரில் செய்யத் தெரிந்த ஆள் பிடித்துப் பார்ப்பாராம். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். அவள் வழக்கப்படி தலையைக் குனியப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சரி. குடுக்கறேன்னு சொல்லு" என்றாள், வாயைத் திறந்து.

அவர் எழுந்து கை நீட்டினார். இவள் எழப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தபடியே கையைப் பிடித்தாள். அவர் நொண்டிக்கொண்டே தன் வக்கீலைத் தேடிப் போனார்.

மருமகன் நகலோடு வந்தபோது அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "அத்தை, அத்தை, அப்பீல் இருக்கு" என்று பதறினான்.

"வேண்டாம்ப்பா. வாபஸ் வாங்கறாராம்."

"என்னது? நீங்க என்ன பேசினீங்க?"

"முடியாதுன்னு சொன்னேன்."

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தீர்ப்பு நகலைப் புரட்டினான், மூடினான். "அப்போ இந்த ரெண்டு வருஷம்?" என்றான், யாரைக் கேட்கிறான் என்று தெரியாமல். அவள் அழுகை நிற்கவில்லை. வழக்கு முடிந்ததில் வந்த அழுகை இல்லை அது. ஒரு வரி போதும் என்கிறாரே என்றுதான் அழுதாள். கணவரிடம் ஒரு வரி, நாத்தனார்களிடம் ஒரு வரி என்று சொல்லாமல் விட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சொல்லியிருந்தால் இடிந்தா விழுந்திருக்கும்? அவர்களும், "அதுதானா விஷயம்?" என்று கேட்டுவிட்டு வேறு வழி பார்த்திருப்பார்களோ? இனி யாரைப் போய்க் கேட்பது?

கைப்பேசி அடித்தது. மகள்.

"என்னம்மா ஆச்சு? தீர்ப்பு சொல்லிட்டாங்களா?"

"முடிஞ்சுடுச்சு. பட்டறையைப் பூட்டலாம்."

"அப்பாடா! சரி கேளு, பிள்ளைங்க ரூம்லயே உனக்குக் கட்டில் போட்டாச்சு. ஆபீஸ்ல அடுத்த மாசத்துலேர்ந்து முழுநேரம் வரேன்னு சொல்லிட்டேன். உன் மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வருவார். சின்னவன் காலையில சீக்கிரம் எழுந்துடுவான், அதுதான் கொஞ்சம்..."

"நான் வரேன்னு எப்பம்மா சொன்னேன்?"

"நீ வரலைன்னு சொல்லவே இல்லையேம்மா! இத்தனை மாசமா நான் கரடியா கத்திட்டிருக்கேன், நீ கேட்டுட்டுதானே இருந்தே?"

பொம்மைக்காரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் மருமகன் தீர்ப்பு நகலை மடித்துக்கொண்டிருந்தான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா, தப்பு என் மேலதான். உனக்கு அப்படித்தான் தோணும். இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. நான் வரல. பேரப்பிள்ளைங்களை வந்து பாத்துட்டுப் போறேன். தினமும் வளர்க்க என்னால முடியாது. எனக்கு அலுத்துப்போச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைப்பேசியைப் பார்த்தாள். அறுபடவில்லை. மூச்சு கேட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. மகள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? ஆனாலும் விடவில்லை.

"என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே? கோவம்னா திட்டு. சரின்னா சரின்னு சொல்லு. என்னவா இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிடு. பேசாம மட்டும் இருக்காதே."